சேரிப் பெண்கள் இருவரின் காதலை யார் எழுதுவது?

"இதெல்லாம் நம்ம பிரச்சனையா, தோழர்?"

ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் கதையை வாசிப்பு வட்டத்தில் படிக்கலாம் என்று சொன்னால் உடனே எழும் கேள்வி இதுதான். கேட்பவர் எதிரணிக்காரர் அல்ல. பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதுகிறவர். ஆணவக் கொலை நடந்தால் மறுநாளே தாலுகா ஆபீஸ் முன்னால் தட்டியோடு நிற்கிறவர். அவர் கேட்பதால்தான் தப்பிக்காமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆம், இது நம் பிரச்சனை. யார் யாரைக் காதலிக்கலாம், யார் வீட்டுக்குள் யார் நுழையலாம், யார் வயிற்றில் யார் பிள்ளை வளரலாம் என்று நிற்கும் காவலுக்குத்தான் சாதி என்று பேர். அந்தக் காவலை உடைக்க வந்தவர்கள் நாம் என்றால், அதில் சிக்கிய பெண்களில் ஒரு பகுதியை மட்டும் "அது வேற விஷயம்" என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அவர்கள் கதையை நாம் எழுதாவிட்டால், சாதியைத் துடைத்துவிட்டு வேறு யாரோ எழுதுவார்கள். எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

குடத்துக்குள் யார் பேர்?

உத்திரமேரூர் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு பெருமை சின்ன வயதிலேயே ஊட்டப்படுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகள், குடவோலை முறை, உலகத்துக்கே தேர்தல் சொல்லிக் கொடுத்த ஊர். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்.

சரி, கல்வெட்டை முழுசாகப் படிப்போம். குடத்துக்குள் ஒருவர் பேர் போக வேண்டுமென்றால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கு அதில் ஓலை இல்லை. பெண்களுக்கு ஓலை இல்லை. எல்லார் கண்ணெதிரிலும் ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தான். குலுக்கல் நேர்மையாகத்தான் நடந்தது. அநியாயம் குலுக்கலில் இல்லை. ஓலை எழுதும்போதே அது முடிந்துவிட்டது.

தமிழில் காதல் கதையும் இப்படி ஒரு குடம்தான். மாத நாவலாகவும் வாரப் பத்திரிகைத் தொடராகவும் வந்தது, இன்று பிரதிலிபி மாதிரி செயலிகளில் தினம் ஒரு அத்தியாயமாக வருகிறது. நம் தெருப் பெண்கள் அதை விடாமல் படிக்கிறார்கள். நூறு நாள் வேலையில் மண் அள்ளிவிட்டு மரத்தடியில் உட்காரும்போதும், கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் போகும்போதும் கையில் கதை ஓடுகிறது. படிப்பதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் கதாநாயகி எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று பாருங்கள். சாதிப் பேர் இருக்காது. "நல்ல குடும்பம்" என்று இருக்கும். பூஜை அறை இருக்கும். பரம்பரைச் சொத்து இருக்கும். "நல்ல குடும்பம்" என்றால் எந்தச் சாதி என்று தமிழ் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலனிப் பெண் அந்த வீட்டில் வேலைக்காரியாக வரலாம். காதலியாக வர முடியாது.

காலனிப் பெண், அதிலும் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறவள் என்றால்? அவள் பேருக்கு ஓலையே நறுக்கவில்லை.

உள்ளே விட்டவர்கள் கேட்ட விலை

பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைக் கதைக்குள் விட்ட இடங்களிலும் அவளை உயிரோடு விடவில்லை. 1952-ல் அமெரிக்காவில் மேரிஜேன் மீக்கர் என்ற இளம் எழுத்தாளர், வின் பாக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுப் பதிப்பு நாவலை எழுதினார். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களின் காதல். முடிவு நல்லபடியாக இருந்தால் தபால் துறை புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் முன்பே சொல்லிவிட்டார். அதனால் ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்கிறது, இன்னொருத்தி தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்கிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டில் பாட்ரிசியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' எழுதினார். இரண்டு பெண்களும் சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கையோடு முடித்தார். ஆனால் சொந்தப் பேரைப் போடாமல் கிளேர் மார்கன் என்று போட்டுக்கொண்டார். அன்றைய நிலவரம் இதுதான்: கதாபாத்திரம் சாக வேண்டும், இல்லையென்றால் எழுதியவர் ஒளிய வேண்டும்.

இளையோருக்கான நாவலில் இந்த விதியை உடைத்தது நான்சி கார்டன் 1982-ல் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்'. பதினேழு வயதுப் பெண்கள் இருவர், கடைசியில் பிரியவில்லை, சாகவில்லை. 1993-ல் கான்சஸ் சிட்டியில் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பக்கத்திலிருந்த ஒலேத்தா பள்ளி நிர்வாகம் நூலகத்திலிருந்தே அதை எடுத்துவிட்டது. பள்ளி மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1995-ல் நீதிமன்றம் புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது. மாணவத் தோழர்களே, வழக்குப் போட்டவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

நம் பக்கம் வருவோம். 1986-ல் மலையாளத்தில் பத்மராஜன் எடுத்த 'தேசாடனக்கிளி கரயாறில்லா' படத்தில் இரண்டு பள்ளி மாணவிகள் ஒருவரை ஒருவர் பிரிய முடியாமல் ஓடிப்போகிறார்கள். காதல் என்ற சொல்லைச் சொல்லாமலே கதை நகர்கிறது. இருவரும் சாகிறார்கள். 2014-ல் ஆங்கிலத்தில் வந்த ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' இந்திய இளையோர் நாவல்களில் முக்கியமானது. பள்ளி மாணவி முஸ்கான் தற்கொலைக்கு முயன்ற செய்தியோடு கதை தொடங்குகிறது. அவளுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். முஸ்கான் சொல்வதில்லை. அவளைப் பற்றிப் பேச மூன்று குரல் இருக்கிறது, அவள் குரல் இல்லை. நல்ல எண்ணத்தோடு எழுதிய புத்தகம்தான், ஏழைப் பையன் ஒருவனுக்கும் அதில் குரல் கொடுத்திருக்கிறார். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்போம்: பெண்ணைக் காதலிக்கும் பெண் மட்டும் ஏன் எப்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள்?

இது வெறும் இலக்கிய விமர்சனம் இல்லை. கேரளத்தில் 'சகயாத்ரிகா' என்ற அமைப்பு தொடங்கக் காரணமே, சேர்ந்து இறந்துபோன பெண் ஜோடிகளைப் பற்றிய செய்திகள்தான். 2011-ல் மேற்கு வங்கத்தின் நந்திகிராமத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தபோது, அவர்கள் உடலை வாங்கக்கூடக் குடும்பத்தார் வரவில்லை. கிராமத்துப் பெண்கள். ஆங்கில நாவல் படித்துக் கெட்டுப்போனவர்கள் அல்ல. தங்களைப் போன்றவர்கள் உயிரோடு வாழ்வதாக ஒரே ஒரு கதைகூட அவர்கள் கையில் எட்டியிருக்க வழியில்லை. வாழும் கதையை ஒருத்தி படித்திருந்தால் மட்டும் பிழைத்துவிடுவாளா என்று கேட்கலாம். கதை கதவைத் திறக்காது, உண்மைதான். ஆனால் கதவு இருக்கிறது என்றாவது சொல்லும்.

வாசற்படியில் நிற்கும் சாதி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்த நாவல்கள் எல்லாவற்றிலும் பெண்கள் எங்கே காதலிக்கிறார்கள்? படுக்கையறையில். தோழி வீட்டுக்குப் போகிறாள், இரவு தங்குகிறாள், ஒரே போர்வைக்குள் கதை பேசுகிறார்கள், விடிவதற்குள் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. உலகம் முழுக்க இளையோர் காதல் நாவல்களில் இந்தக் காட்சி வந்துகொண்டே இருக்கிறது.

நம் ஊரில் இதை எழுதிப் பாருங்கள். காலனிப் பெண்ணும் ஊர்த்தெருப் பெண்ணும் ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு. ஒன்றாக சைக்கிளில் வருவார்கள். ஏரிக்கரை வரை ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. ஊர் தொடங்கும் இடத்தில் ஒருத்தி ஒரு பக்கம், இன்னொருத்தி ஒரு பக்கம் திரும்புவார்கள். ஊர்த்தெரு வீட்டுக்குள் காலனிப் பெண் இரவு தங்குவது இருக்கட்டும், பகலில் அடுப்படி வரை போக முடியுமா? தண்ணீர் கேட்டால் எந்த டம்ளரில் வரும்? அவர்கள் காதலிக்கிறார்களா இல்லையா என்று யாரும் சந்தேகப்படுவதற்கு முன்பே, சாதி வாசற்படியில் கையை நீட்டி மறித்துவிட்டது. பெண்ணைப் பெண் காதலிப்பதை ஊர் தடுக்கிறது என்பது இரண்டாவது தடை. முதல் தடை அதைவிட ரொம்பப் பழசு.

அதனால்தான் சாதி இல்லாத லெஸ்பியன் காதல் கதை நமக்குப் பொய்யாக இருக்கிறது. தாழ்ப்பாள் உள்ள தனி அறை என்பது ஒரு சொத்து. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தொகுப்பு வீட்டில் அந்தச் சொத்து இல்லை. அறை இருப்பவர்களின் துயரம் அந்த அறையில் தொடங்குகிறது. நம் பெண்களின் துயரம் அறை கிடைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பழைய உதாரணம் ஒன்று. இஸ்மத் சுக்தாய் 1942-ல் உருதுவில் எழுதிய 'லிஹாஃப்' கதை, பெண்ணுக்கும் பெண்ணுக்குமான உறவைத் தொட்டதற்காக லாகூர் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது. வழக்கில் சுக்தாய் ஜெயித்தார். அவர் துணிச்சலுக்கு நம் வணக்கம். ஆனால் கதையில் யார் இருக்கிறார்கள்? கணவன் கண்டுகொள்ளாத வெள்ளைத்தோல் பேகம். அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலைக்காரி ரப்போ, கறுப்பு, அம்மைத் தழும்பு. பேகத்தின் தனிமை நமக்குத் தெரிகிறது. ரப்போ எதை விரும்பினாள்? கூலிக்குச் செய்தாளா, காதலுக்குச் செய்தாளா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா? கதை கேட்கவே இல்லை. எண்பது வருஷம் கழித்தும் ரப்போவின் கதைக்குக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதை வந்தபோது எப்படி இருந்தது என்பதையும் பார்த்தோம். 2021-ல் நீரஜ் கய்வான் எடுத்த 'கீலி புச்சி' என்ற சிறிய படம். பாரதி மண்டல், ஆலையில் இயந்திரத்தில் நிற்கும் தலித் பெண். தகுதி இருந்தும் அவளுக்குக் கிடைக்காத மேசை வேலை, புதிதாக வந்த பிராமணப் பெண் பிரியாவுக்குக் கிடைக்கிறது. இருவருக்கும் நடுவே ஈர்ப்பு வளர்கிறது. பாரதி தன் சாதியைச் சொன்னதும் பிரியாவின் முகம் மாறுகிறது. பிரியா வீட்டில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பை, பாரதிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். கடைசியில் பாரதி காதலை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொள்கிறாள். அதைத் துரோகம் என்று சொன்னவர்களும் உண்டு. சொந்த வீடும் சொந்தச் சாதியும் பின்னால் நிற்பவர்களுக்குக் காதலை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. பாரதிக்கு அந்த வசதி இல்லை. அவளை நல்லவளாகக் காட்டிப் பரிதாபம் வாங்காமல் கணக்குத் தெரிந்தவளாகக் காட்டியதுதான் அந்தப் படத்தின் நேர்மை.

தமிழிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) காதலைப் பற்றிப் பேசும்போது ஆண்-பெண் காதலோடு நிற்காமல் தன்பால் இணைகளையும் அதே நாடகக் குழுவுக்குள் உட்கார வைத்தது. 2025 பிப்ரவரியில் 'காதல் என்பது பொதுவுடைமை' இரண்டு பெண்களின் காதலையே மையமாக வைத்துத் திரையரங்குக்கு வந்தது. வரவேற்கிறோம். பொதுவுடைமை என்றால் எங்கள் தெருவுக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

"இது நகரத்துப் பணக்காரப் பழக்கம்"

இந்த வாக்கியத்தைச் சொல்லும் தோழர்களுக்கு ஒரு தகவல். தன்பால் திருமணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த வாதம் இதேதான்: நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை. நாம் சொல்லும் வாதமும் அவர்கள் சொல்லும் வாதமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால், ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டாமா? 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையைத் தர மறுத்தது. ஆனாலும் இந்த ஒரு வாதத்தைத் தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் ஏற்கவில்லை. வயலில் வேலை செய்யும் பெண்ணும் இதில் உண்டு என்று எழுதினார்.

அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2006-லேயே மாயா சர்மாவின் 'லவ்விங் விமன்' புத்தகம், இந்தியாவின் உழைக்கும் வர்க்கப் பெண்கள், சிறுநகரப் பெண்கள் பெண்களைக் காதலித்த வாழ்க்கையை அவர்களிடமே கேட்டு எழுதியது. 1987-ல் போபாலில் இரண்டு பெண் காவலர்கள் மாலை மாற்றிக்கொண்டு வேலையை இழந்தார்கள். அப்போது இந்தியாவில் இணையமே இல்லை.

மேல்நாட்டு இறக்குமதி என்பவர்களுக்கு: இறக்குமதியானது 377-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சட்டம். 2018 செப்டம்பர் 6-ல்தான் அதன் பிடியிலிருந்து இவர்கள் விடுபட்டார்கள். புரோகிதர் இல்லாமல் கல்யாணமா என்று சிரித்தவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். அய்யர் வேண்டாம், மாலையோ மோதிரமோ தாலியோ போதும் என்றாயிற்று. சிரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் இன்று உதவுகிறது.

அண்ணல் எந்தப் பக்கம் நின்றார்?

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று அம்பேத்கர் காட்டினார். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாமே அகமணத்தைக் காப்பாற்றப் பெண்ணை அடக்கி வைக்கும் உபாயங்கள் என்றார். நாம் அதை மேடையில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். அதன் அடுத்த படியைத்தான் சொல்லாமல் விடுகிறோம். பெண்ணை இன்னாருக்குத்தான் கொடுப்போம் என்பது சாதி என்றால், "கொடுக்கப்படுவதற்கு" மறுக்கும் பெண் சாதியின் கணக்கில் அடங்காதவள். அவளை அடித்து, பூட்டி, மந்திரித்து, மாப்பிள்ளை தேடும் வீடு அகமணமுறைக்குத்தான் வேலை செய்கிறது. அது காலனி வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

1934-ல் இன்னொன்று நடந்தது, மேடையில் யாரும் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தில் ர. தோ. கர்வே 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற இதழை நடத்தினார். பாலுறவு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதினார். தன்பால் உறவு பற்றிய கேள்வியும் அதில் இருந்தது. ஆபாசம் என்று வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் டாக்டர் அம்பேத்கர். மக்கள் சந்தேகம் கேட்கிறார்கள், அறிவு பதில் சொல்கிறது, இதில் ஆபாசம் எங்கே என்ற நிலையில் நின்றார். வழக்கில் தோற்றார்கள், கர்வேவுக்கு அபராதம். ஊரே முகம் சுளித்த வழக்கை அண்ணல் எடுத்தார். அவர் படத்தை மாட்டியிருக்கும் படிப்பகத்தில் இந்தக் கதைப் புத்தகத்தை வைக்க நமக்கு வெட்கமா?

"ஏற்கனவே நம்ம பெண்களைக் கேவலமா பேசறான்"

எல்லா எதிர்ப்பிலும் இதுதான் கனமானது. ஆதிக்கச் சாதிக்காரன் ஏற்கனவே நம் பெண்களை ஒழுக்கமில்லாதவர்கள் என்கிறான், இதையும் சேர்த்து அவன் வாயில் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அக்கறையில் வரும் கேள்வி. மதிக்கிறோம். ஆனால் ஏற்க மாட்டோம்.

2012-ல் தருமபுரியில் நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணம் காரணம் என்றார்கள். பிறகு நம் பையன்களின் காதலுக்கு 'நாடகக் காதல்' என்று பேர் வைத்தார்கள். ஜீன்ஸ் பேண்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள். அப்போது நாம் என்ன சொன்னோம்? "எங்கள் பையன்கள் இனிமேல் ஒழுங்காக இருப்பார்கள்" என்றா சொன்னோம்? காதல் உரிமை என்றோம். நம் பையனின் காதலை நாடகம் என்ற அதே வாய்தான் நம் பெண்ணின் காதலை வியாதி என்கிறது. ஒன்றை எதிர்த்துவிட்டு மற்றொன்றுக்குத் தலையாட்ட முடியுமா?

அவன் தரும் நற்சான்றிதழுக்காக நாம் எவ்வளவு அடங்கினாலும் அது கிடைக்கப்போவதில்லை. பெண்ணின் உடம்பில் சாதியின் மானம் இருக்கிறது என்பது அவன் சட்டம். அதை நாமே நம் வீட்டில் அமல்படுத்தினால் அவனுக்குச் சம்பளமில்லாத காவல்காரன் கிடைத்துவிட்டான் என்று அர்த்தம். 1942-ல் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கல்யாணம் செய்துவைக்காதீர்கள் என்றும், மனைவி கணவனுக்குத் தோழியாகச் சமமாக நிற்க வேண்டும் என்றும் அண்ணல் சொன்னார். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஜாதகத்தைத் தூக்கும் வீடுகளில் அவர் படமும் மாட்டியிருக்கிறது.

சொல் கிடைத்தால் பாதி வழி

மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு ஓடிவந்தார்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதைப் பற்றிப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். 'மாற்றும் சிகிச்சை' என்ற பேரில் நடக்கும் கொடுமைக்குத் தடை வந்தது. தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் எந்தச் சொல்லால் குறிப்பது என்று அரசிடம் சொற்பட்டியல் கேட்டார். 2022-ல் தமிழ்நாடு அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிபதி மாணவனாக உட்கார முடிந்தது. நம் தோழர்களால் முடியாதா?

2025 மே மாதம், வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று. இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் குடும்பம் அடைத்து வைத்திருந்தது. அடித்தார்கள், 'சரியாக' வேண்டும் என்று சடங்கு செய்தார்கள் என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னாள். அவளுடைய காதலி ஆட்கொணர்வு மனு போட்டாள். சென்னை உயர் நீதிமன்றம் அவளை விடுவித்தது. குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் உண்டாவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

இந்தத் தீர்ப்புகள் நம் கிராமத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அரசிதழ் அவள் கைக்கு வராது. தன்பாலீர்ப்பு என்ற சொல் அவள் வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பதெல்லாம் வசவுதான். தனக்கு நடப்பதற்கு ஒரு வசவு மட்டுமே பேராக இருக்கும்போது அவள் யாரிடம் போய் என்ன சொல்வாள்? கதை அங்கேதான் தேவைப்படுகிறது. சட்டம் நீதிமன்றத்துக்குப் போனவளைக் காப்பாற்றும். போகலாம் என்று அவளுக்குத் தெரிவதற்கு ஒரு கதை வேண்டும்.

எழுதுவோம்

எங்கே தொடங்குவது? நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனி விடுதிகள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று பல பக்கத்துக் கிராமப் பெண்கள், பல சாதி, ஒரே அறை, அடுக்குக் கட்டில். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டபோது சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்த பெண்கள் அவர்கள்தான். அதே ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. யோசித்துப் பாருங்கள். வீடு கல்யாணம் பண்ணு என்கிறது, வேலை பண்ணாதே என்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முதல் தடவையாக ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், ஒரே அறையில் தூங்குகிறார்கள். ஊர்த்தெருவில் முடியாதது அங்கே முடிகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஜன்னலில் ஒருத்தி தோளில் இன்னொருத்தி தலை சாய்க்கிறாள். "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்ற கேள்வி எந்த நாள் வரும் என்று ஒருத்திக்குப் பயம். தமிழின் பெரிய காதல் நாவல் அந்தப் பஸ்ஸில் தினமும் போய் வருகிறது. எழுதத்தான் ஆளில்லை.

எழுதும்போது நமக்கு நாமே சில கட்டளைகள். சாதியைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வாசகர் மனசில் தானாக மேல்சாதி முளைத்துவிடும். கூலி எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள், கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். ஓடிப்போவதற்குக் காதல் மட்டும் போதாது, பஸ் காசும் வாடகை முன்பணமும் வேண்டும். அம்மாவை வில்லி ஆக்காதீர்கள். எந்தப் பயத்தில் அவள் கதவைப் பூட்டுகிறாள் என்று எழுதுங்கள். ஆதிக்கச் சாதிக் காதலி டம்ளரை மாற்றி வைத்த நாளை மறைக்காதீர்கள். காதல் சாதியைத் தானாகக் கழுவிவிடும் என்பது சினிமாப் பொய். தெரிந்த பெண்ணின் வாழ்க்கையை அவள் சம்மதம் இல்லாமல் எழுதி ஊருக்குக் காட்டிக்கொடுக்காதீர்கள். கதையைவிட அவள் உயிர் பெரிது. எழுதுகிறவருக்கே பயம் இருந்தால் புனைபெயர் போடுங்கள், ஹைஸ்மித் போட்டார், அதில் கேவலம் இல்லை.

கடைசிக் கட்டளை: அவர்களைச் சாகடிக்காதீர்கள். யதார்த்தம் அப்படித்தானே என்று சொல்லாதீர்கள். யதார்த்தத்தில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் எழுதவில்லை. நம் மக்களைப் பிணமாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு இன்னும் இரண்டு பிணம் கொடுக்க வேண்டாம். நாம் கேட்கும் முடிவு ரொம்பச் சின்னது. ஒரு வாடகை அறை, உள்பக்கம் தாழ்ப்பாள், இரண்டு பேர் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. இவ்வளவுதான். இந்த நாட்டில் இரண்டு சேரிப் பெண்களுக்கு இதை ஒரு கதையில் கொடுப்பதுகூட ஒரு போராட்டம் என்றால், அந்தப் போராட்டமும் நம்முடையதுதான்.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். கல்லூரியில் படிப்பவர்கள் உங்கள் நூலகத்தில் இந்தப் புத்தகங்களை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரிந்த தங்கைகள் இன்றைக்கே முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். படிக்க நாங்கள் இருக்கிறோம்.

ஜெய்பீம்.